போர்டு இருக்கு... கால் எங்கே?

கேரம் போர்டு வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் போர்டைத்தான் பார்க்கிறார்கள். பளபளப்பு எப்படி, ஓரக்கட்டை எப்படி, ஸ்ட்ரைக்கர் சும்மா வருமா, பவுடர் டப்பா சேர்த்துத் தருவீர்களா என்று கடைக்காரரின் பிராணனை வாங்குகிறார்கள். 'இதை எதன்மேல் வைக்கப் போகிறோம்?' என்று ஒருத்தராவது யோசிக்கிறாரா? ஊஹூம்! நாங்களும் யோசிக்கவில்லை. அதற்கு அனுபவித்தோம்.

'நாங்கள்' என்றால் நாலு பேர். ஜாகை, கிருஷ்ணன்கோவில். மதுரையிலிருந்து ராஜபாளையம் போகிற பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போகிறவர்களுக்கு ஶ்ரீவில்லிபுத்தூருக்குக் கொஞ்சம் முன்னால், வத்திராயிருப்பு ரோடு பிரிகிற இடத்தில் ஒரு பிரேக் போட்டதில் தலை முன்சீட்டில் இடிக்குமே... அந்த ஊர். கலசலிங்கம் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் நடமாட்டத்தால் பகலில் ஜேஜே என்றிருக்கும். சாயந்தரம் ஆபீஸ் விட்டு வந்தால் பொழுதுபோக்குக்கு மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்க்கலாம். ஏழு மணிக்கு அதுவும் தெரியாது.

எங்களில் ஒருத்தருக்கு ஶ்ரீவில்லிபுத்தூரில் வேலை, ஒருத்தர் ராஜபாளையத்தில் ஒரு மில்லில் அக்கவுண்ட்ஸ், இன்னொருத்தர் லேபில், நான் எல்லா ஊருக்கும் பொதுவாக பைக்கில் அலைகிற உத்தியோகம். ராத்திரி சாப்பிட்டபின் ஆளுக்கொரு மூலையில் ஆளுக்கொரு செல்போனோடு படுத்துவிடுவோம். அதிலேயே கேரமும் ஆடுவோம். பக்கத்தில் படுத்திருக்கிறவனோடு பேசாமல், முகம் தெரியாத யாரோடோ ரெட்டுக்கு ஃபாலோ போட்டுக்கொண்டிருக்கிறோமே என்று ஒருநாள் லேப்காரருக்கு ஞானோதயம் வந்தது. ஆளுக்குச் சமபங்கு போட்டு ஃபுல் சைஸ் போர்டு ஒன்று வாங்கினோம். நல்ல கனமான போர்டு. மாடிப்படியில் ஏற்றுவதற்குள் அக்கவுண்ட்ஸ்காரர் இரண்டு தரம் உட்கார்ந்து எழுந்தார்.

முதல் வாரம் தரையில் போட்டு ஆடினோம். வீரப் பரம்பரை! அரைமணி நேரத்தில் கால் மரத்தது. ஒருமணி நேரத்தில் இடுப்பு 'இருக்கேன்' என்று சொன்னது. லேப்காரருக்குத் தொப்பை கொஞ்சம் முன்ஜாக்கிரதையானது. அவர் குனிவதற்குள் அது போய்க் காயைத் தொட்டுவிடும்.

அதைவிடப் பெரிய சங்கடம் கீழே காத்திருந்தது. எங்களுக்குத் தரை என்றால் ஹவுஸ் ஓனர் அண்ணாச்சிக்கு அதுதான் தலைக்கு மேல் கூரை. நாங்கள் அடிக்கிற ஒவ்வொரு அடியும் கான்கிரீட்டில் இறங்கி அவர் கட்டிலுக்கு நேர் மேலே 'டொக்... டொக்' என்று கேட்டிருக்கிறது. பதினோரு மணிக்குக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து மேலே வந்தார்.

"தம்பிகளா, இது வீடா, கல் குவாரியா?"

"இல்லண்ணாச்சி... சும்மா கேரம்..."

"கேரமோ, கீரமோ! ஒண்ணாம் தேதிக்குள்ள ஒண்ணு அது போகணும், இல்ல நீங்க போகணும்."

சொல்லிவிட்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார். போகிறபோது போர்டை ஒரு பார்வை பார்த்தார். கோபப் பார்வை என்றுதான் அப்போது நினைத்தோம்.

தரையிலிருந்து போர்டைக் கிளப்பியே ஆகவேண்டும். முதலில் கட்டில். ஒரு பக்கம் சுவர் என்பதால் நாலு பேர் ஆட்டத்தில் ஒருவர் சுவருக்குள்தான் உட்காரவேண்டும். மெத்தை வேறு ஒவ்வொரு அடிக்கும் பெருமூச்சு விட்டது. அடுத்து, ரூமில் இருந்த எழுதுகிற மேஜை. சாதாரணமாக மேஜை இரண்டரை அடி உயரம். அதன்மேல் போர்டும் ஏறினால், நாற்காலியில் உட்கார்ந்தவன் தோளைத் தூக்கிக்கொண்டு, காதோடு கையை வைத்துச் சுண்டவேண்டியிருந்தது. பார்க்கிறவர்களுக்கு நாங்கள் ஆடுவது கேரமா, பரதமா என்று சந்தேகம் வந்திருக்கும்.

பிறகு தண்ணீர் டிரம். இதுதான் தமிழ்நாட்டு பேச்சிலர்களின் தேசிய ஸ்டாண்டு! எங்கள் டிரம்மும் தண்ணீர் வந்த அன்று நிறைந்து, அசைக்க முடியாமல், அம்சமாக நின்றது. ஆனால் டிரம் வட்டம், போர்டு சதுரம். நாலு மூலையும் அந்தரத்தில். மூலையில் இருக்கிற காயை அடிக்க முழங்கையை ஊன்றினால் எதிர் மூலை எழுந்து நின்று மரியாதை செய்யும். தவிர, நாங்கள் குளிக்கக் குளிக்க டிரம் காலியாகி, மூன்றாம் நாள் போர்டு ஊஞ்சலாடியது. ஆட்டத்தின் நடுவே யாராவது 'ஒரு மக்கு தண்ணி' என்று வந்தால் போர்டையே தூக்கவேண்டும். தோற்கிறவனுக்கெல்லாம் அப்போதுதான் குளிக்கத் தோன்றும்!

சரி, முறைப்படி ஆடுகிறவர்கள் எதன்மேல் வைத்து ஆடுகிறார்கள்? நமக்குத் தெரியாமல் இருக்கலாமா! சர்வதேச கேரம் சம்மேளனம் 1988-ல் ஆரம்பிக்கப்பட்டதே நம்ம சென்னையில்தான். இரண்டு தடவை உலக சாம்பியனாகி, 1996-ல் அர்ஜுனா விருது வாங்கிய மரிய இருதயம் தமிழ்நாட்டுக்காரர். 2008-ல் பெண்கள் பிரிவில் உலகப் பட்டம் வென்ற இளவழகி வியாசர்பாடி. 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் அள்ளிய காசிமா, சென்னையில் ஆட்டோ ஓட்டுகிறவரின் மகள். இவர்கள் யாரும் டிரம்மின்மேல் வைத்து ஜெயிக்கவில்லை.

ஆட்டத்தின் சட்டத்தில் இதற்கு அளவே இருக்கிறது. ஸ்டாண்டோ, மேஜையோ, 63 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது. 70-க்கு மேல் போகக்கூடாது. அதாவது 25 அங்குலத்திலிருந்து 27½ அங்குலத்துக்குள். உட்காருகிற ஆசனம் 40-லிருந்து 50 சென்டிமீட்டர்; கை வைக்கிற பிடி இல்லாதது. இரண்டுக்கும் நடுவில் ஏறக்குறைய முக்கால் அடி இடைவெளி விழவேண்டும். அப்போதுதான் தோள் தளர்ந்து தொங்க, மணிக்கட்டு அலுங்காமல் பலகையில் படிகிறது. மேஜை என்றால் தோள் வலி, கட்டில் என்றால் முதுகு வலி என்று நாங்கள் ஒரு மாதம் தைலம் தேய்த்துக் கண்டுபிடித்த உண்மை, சட்டப் புத்தகத்தில் ஒரே வரியில் இருந்தது!

இவ்வளவு தெரிந்துகொண்டபின் நான் சும்மா இருப்பேனா? டேப்பும் கையுமாக ஒரு கடைக்குப் போனேன் (எந்த ஊர், எந்தக் கடை என்று கேட்காதீர்கள், தப்பு என் மேல்தான்). மரத்தில் மடக்குகிற ஸ்டாண்டு. பெருக்கல் குறி மாதிரி விரியும், மடக்கினால் கட்டிலுக்கு அடியில் போய்விடும். வார்னிஷ் வாசனையே ஆளை மயக்கியது. உயரத்தை அளந்தேன்: 66. 'பேஷ்!' என்று காசைக் கொடுத்துத் தூக்கி வந்துவிட்டேன். உயரத்தை அளந்த புத்திசாலி அகலத்தை அளக்கவில்லை.

அது சின்னப் போர்டுக்கான ஸ்டாண்டு. ஃபுல் சைஸ் போர்டில் ஆடுகிற இடம் மட்டும் 74 சென்டிமீட்டர். ஓரக்கட்டையும் சேர்ந்தால் 87, 88-க்கு வந்துவிடும். போர்டின் பாரத்தை வாங்கவேண்டிய மேல்சட்டங்கள் ஓரக்கட்டைக்கு அடியில் வரவேண்டும். இதில் உள்ளே தள்ளி, பிளைவுட்டுக்கு அடியில் வந்தன. அதுவும் நீளமான சட்டங்கள். போர்டைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தால் ஒரு பக்கத்து இரண்டு பாக்கெட்டின் வலையும் சட்டத்தில் உட்கார்ந்து நசுங்கும். காய் தொங்குவதற்கு வலையில் இடமில்லை. உள்ளே போன காய், 'யாரப்பா உள்ளே?' என்று எட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடும்.

அப்படி ஒரு ராத்திரி வெளியே வந்தது சிவப்புக் காய்!

"விழுந்துடுச்சு. நான் பார்த்தேன்" என்றார் அக்கவுண்ட்ஸ்.

"விழுந்தா எப்படி வெளிய வரும்? அதென்ன பம்பரமா?" என்றார் ஶ்ரீவில்லிபுத்தூர்.

பேச்சு சிவப்புக் காயில் ஆரம்பித்து, போன மாசக் காஸ் சிலிண்டர் பாக்கிக்குப் போய், யாருடைய அண்ணன் கல்யாணத்துக்கு யார் மொய் எழுதவில்லை என்பதில் முடிந்தது. மூன்று நாள் இரண்டு பேருக்கும் பேச்சில்லை. ஒரே அறையில் இரண்டு குக்கர், இரண்டு ரசம். செல்போன் மறுபடி கைக்கு வந்துவிட்டது. ஒருத்தர் 'வேற ரூம் பார்க்கிறேன்' என்று புரோக்கருக்கே போன் போட்டுவிட்டார். நாலு வருஷச் சிநேகிதம், மட்டமான ஒரு மரச்சட்டத்தில் மாட்டிக்கொண்டு நின்றது.

நாலாம் நாள் ராத்திரி படியில் காலடிச் சத்தம். அண்ணாச்சி!

"என்னப்பா, மூணு நாளா சத்தத்தையே காணோம்? எல்லாருக்கும் காய்ச்சலா?"

விஷயத்தைச் சொன்னோம். ஸ்டாண்டைப் பார்த்தார். பக்கத்தில் வந்து காலால் லேசாக ஓர் உதை விட்டார். அது கதகளி ஆடியது.

"இத காசு குடுத்தா வாங்குனீங்க?"

அப்புறம்தான் ஜாதகம் வெளியே வந்தது. அண்ணாச்சி முப்பது வருஷத்துக்கு மேல் ராஜபாளையத்துப் பக்கம் ஒரு மில்லில் ஃபிட்டர். மில்லின் மனமகிழ் மன்றத்தில் வருஷா வருஷம் நடக்கும் கேரம் போட்டியில் அவர் பெயர் இல்லாத வருஷம் குறைச்சலாம். ரிடையரானபின் வீட்டில் பேரப்பிள்ளைகள் தரையில் போர்டை விரித்துவிட்டு 'வா தாத்தா' என்று கூப்பிட்டிருக்கிறார்கள். முழங்கால் தேய்மானம். உட்கார்ந்தால் எழுப்ப இரண்டு ஆள் வேண்டும். எட்டு வருஷமாக ஸ்ட்ரைக்கரைத் தொடவில்லை.

"அன்னிக்கு ராத்திரி மேல வந்தேன்ல? சத்தம் ஒரு பக்கம். படுத்துக்கிட்டே கேட்டுக்கிட்டிருந்தேன்... எவனோ ஒருத்தன் கட் அடிக்கவே தெரியாம போட்டு மொத்திக்கிட்டிருந்தான். அதுதான் தாங்கல!"

(அந்த எவனோ நான்தான். சொல்லவில்லை.)

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரே காகிதத்தில் படம் போட்டுக் கொடுத்தார். 'மரம் வேணாம். நல்ல மரம், நல்ல ஆசாரி அமைஞ்சா அதுக்கு ஈடு கிடையாது. ஆனா மடக்கி மடக்கி விரிக்கிறதுல திருகாணி ஓட்டை பெருசாயிடும். அப்புறம் ஆட்டம்தான்' என்பது அவர் கட்சி. ஒரு அங்குல ஸ்கொயர் பைப்பில், பெருக்கல் குறி மாடல்தான். ஆனால் கணக்கு வேறு.

உயரம் 65. மேல்சட்டம் இரண்டும் 80 சென்டிமீட்டர் விலகி, சரியாக ஓரக்கட்டைக்கு அடியில் நிற்கவேண்டும். அப்படியானால் குறுக்கே போகிற காலின் நீளம் என்ன? லேபும் அக்கவுண்ட்ஸும் ஒருவரையொருவர் பார்க்காமல் தனித்தனியாக பித்தாகரஸ் போட்டார்கள். இருவருக்கும் 103 வந்தது. மூன்று நாளில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான். நாலு கால், மேலே இரண்டு, கீழே இரண்டு என்று அறுபது சென்டிமீட்டர் சட்டங்கள். இருபதடி பைப் ஒன்று, கூட ஒரு இரண்டடித் துண்டு. சட்டம் ஏன் அறுபதுக்கு மேல் வேண்டாம்? அதற்கு மேல் நீண்டால் மூலையில் தொங்கும் வலைக்குக் கிட்டே போய்விடும். ஏன் அதற்குக் குறையவும் கூடாது? குறைந்தால் போர்டின் ஓரத்தில் ஊன்றும்போது கவிழப் பார்க்கும்.

வெல்டிங் பட்டறைக்கு அண்ணாச்சியே பின்சீட்டில் உட்கார்ந்து வந்தார். இரண்டு கால்களும் குறுக்கிடுகிற இடத்தில் சும்மா ஆணி அடித்துத் தரப் பார்த்த பையனை நிறுத்தி, போல்ட்டும், தானாகக் கழலாத நைலான் நட்டும் போடச் சொன்னார். அளவுக்கு மேல் விரியாமலிருக்கக் கட்டில் நாடாவைக் கட்டலாம் என்றேன் நான், சிக்கனமாக.

"நாடா இழுபடும் தம்பி. நாலு சென்டி இழுபட்டா போர்டு எவ்வளவு இறங்கும், கணக்குப் போடு."

போட்டேன். அஞ்சு சென்டிமீட்டர் இறங்குகிறது! அறுபத்தைந்து அறுபதாகிவிடும். நாடாவுக்குப் பதில் சங்கிலி வந்தது. அடியில் நாலு ரப்பர் புஷ். மேல்சட்டத்தில் போர்டு வழுக்காமலிருக்கப் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றினார். செலவு, மரத்துக்குக் கொடுத்ததைவிட நூறு ரூபாய் குறைவு. இதை நான் ரூமில் சொல்லவில்லை. இப்போது படித்துத் தெரிந்துகொள்வார்கள்.

அண்ணாச்சியை நான் பைக்கில் முன்னால் கொண்டுபோய் விட, மடக்கிய ஸ்டாண்டோடு ஶ்ரீவில்லிபுத்தூர் நண்பர் பஸ்ஸில் ஏறினார். 'கையடக்கம்' என்பதற்கு அர்த்தம் என்ன என்பது அந்தப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் அவருக்குத் தெரிந்தது. மடங்கினால் ஒரு மீட்டர் சொச்சம் நீளம். ஒரு கையில் தூக்கிவிடலாம். ஆனால் பஸ்ஸில் மேலே வைக்கிற தட்டில் அது நிற்காது. கண்டக்டர் 'இது என்ன, கட்டிலா? லக்கேஜ் போடணும்' என்றார். பக்கத்தில் பால்கோவா டப்பாவை மடியில் வைத்திருந்த பெரியவர், 'பாடை மாதிரி இருக்கேப்பா' என்றார். நல்ல மனுஷர்!

வீட்டில் விரித்துப் போர்டை ஏற்றியதும் 'ஆஹா' என்று ஸ்ட்ரைக்கரை எடுத்தோம். அண்ணாச்சி கையைத் தட்டிவிட்டார். பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்தார். மில்லில் இயந்திரத்தைத் தரையில் இறக்கினால் மட்டம் பார்க்காமல் ஸ்விட்ச் போடமாட்டார்களாம். போர்டின் நடுவில் நீளவாக்கில் ஒரு தரம், குறுக்குவாக்கில் ஒரு தரம் வைத்தார். குமிழி நேராக ஜன்னல் பக்கம் ஓடியது. தண்ணீர் வடியட்டும் என்று அந்தப் பக்கத்துக்கு எதிரே வாட்டம் வைத்துத் தளம் போட்டிருக்கிறார்கள். (போட்டவர் அவரே. அவரே சிரித்துக்கொண்டார்.)

அரை சென்டிமீட்டர் சாய்வு நம் கண்ணுக்குத் தெரியாது. வேகமாகப் போகிற காயும் கண்டுகொள்ளாது. ஆனால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு மெள்ள ஊர்கிற காய்க்குத் தெரியும். அது தாழ்வான பக்கம் சாய்ந்துவிடும். அந்தப் பக்கம் உட்கார்ந்தவன் ஜெயித்துக்கொண்டே இருப்பான், எதிரில் இருப்பவன் 'எனக்கு ராசியில்லை' என்று மோதிரத்தை மாற்றிப் போட்டுக்கொண்டிருப்பான். அக்கவுண்ட்ஸ்காரர் தினமும் அந்த ஒரே பக்கத்தில்தான் உட்காருவார் என்பது சட்டென்று எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. அவர் கூரையைப் பார்த்தார்.

காலுக்கு அடியில் என்ன கொடுப்பது? சிவகாசிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இதற்கா பஞ்சம்! தினசரி காலண்டரில் தாள் தாளாகக் கிழித்து மடித்து இரண்டு காலுக்கு அடியில் கொடுத்தோம். குமிழி நடுவுக்கு வந்தபோது எங்கள் ரூமில் தேதி பன்னிரண்டு நாள் முன்னால் போயிருந்தது.

நாற்காலி? பிளாஸ்டிக் நாற்காலியின் கை, போர்டின் ஓரக்கட்டையில் இடித்தது. கையில்லாத நாலு ஸ்டூல் கொண்டுவந்தோம். அண்ணாச்சிக்குக் கீழேயிருந்து அவருடைய பழைய மர நாற்காலி வந்தது. கீழ்ச்சட்டம் இல்லாத பக்கமாகப் பார்த்து உட்கார்ந்தார். மடங்காத வலது காலை ஸ்டாண்டுக்கு அடியில் நேராக நீட்டினார். நீட்ட இடம் இருந்தது. ஒன்றும் பேசாமல் கொஞ்சநேரம் பலகையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"பவுடர் ஜாஸ்தி. தொடைங்க."

துடைத்தோம். முதல் போர்டில் அக்கவுண்ட்ஸும் ஶ்ரீவில்லிபுத்தூரும் ஒரு கட்சியாகும்படி அவரே சீட்டுக் குலுக்கினார். குலுக்கலில் ஏதோ தில்லுமுல்லு இருந்ததாக எனக்கு இன்றைக்கும் சந்தேகம். எதிர்க்கட்சியில் அண்ணாச்சியும் நானும். எனக்கு வேலையே வரவில்லை. எட்டு வருஷம் சும்மா இருந்த விரல், மூன்றே அடி தடுமாறியது; நாலாவதில் இருந்து ஒன்றன்பின் ஒன்றாகக் காய்கள் போய் வலையில் 'சொத்' என்று விழுந்து அங்கேயே இருந்தன. சிவப்பு விழுந்தது. ஃபாலோ விழுந்தது. தோற்ற இருவரும் 'நீ ஏன் அந்தக் காயைத் திறந்து விட்டே?' என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். பேச்சு வந்துவிட்டது! அன்று ராத்திரி ஒரு குக்கர்தான்.

இதெல்லாம் நடந்து ஏழெட்டு மாசம் ஆகிறது. வாரம் ஒருமுறை போல்ட்டை முறுக்குகிறோம். ரப்பர் புஷ் ஒன்று மாற்றினோம். 'டொக் டொக்' இப்போது தளத்தில் இறங்குவதில்லை. ஆனாலும் ராத்திரி பத்தரைக்குக் கீழேயிருந்து குரல் வரத்தான் செய்கிறது. அது அண்ணாச்சியின் வீட்டம்மா.

"சாப்பாட்ட மேலயே அனுப்பிரவா? பாயும் வேணுமா?"

லேப்காரருக்கு போன வாரம் கோயமுத்தூரில் வேறு வேலை கிடைத்துவிட்டது. போர்டில் அவர் பங்கைக் கணக்குப் பார்த்துக் கொடுத்தோம். ஸ்டாண்டின் பங்கைப் பற்றிப் பேச்சு வந்தபோது அண்ணாச்சி காயை அடுக்கிக்கொண்டே குறுக்கிட்டார்.

"அத உங்க அட்வான்ஸோட சேர்த்து நான் குடுத்திடறேன் தம்பி. ஸ்டாண்டு எங்கேயும் போகாது... உம், யாருப்பா பிரேக்?"